போதிய ஒலி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க சார், எனக்குக் காத்து ஆகாது. நான் மேல்நெடுங்கூர்ல இறங்கறவன். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. பையா? சாத்துக்குடி சார், காலுல இடிச்சா சொல்லுங்க, மடியில வச்சுக்கறேன்.

வீட்டம்மாவப் பாக்கப் போறேன். பேரு கஸ்தூரி. அவ அக்கா வீட்டுல இருக்கா. கால்ல மாவுக்கட்டு. ஆறு வாரம் ஆச்சு, கட்டு பிரிக்கற நாளும் வந்தாச்சு, வீட்டுக்கு வாடின்னா வரமாட்டேங்கறா. எங்க சந்துல ஒரு லைட்டு எரியணுமாம். எரிஞ்சாத்தான் வருவாளாம். நீங்களே சொல்லுங்க, இது ஒரு பொம்பள புருஷன்கிட்ட போடற கண்டிஷனா? அதுவும் நகராட்சியில வேலை பாக்கற புருஷன்கிட்ட?

ஆமாம் சார், பூவனேரி நகராட்சி. எத்திராஜ்னு கேட்டா வாட்ச்மேன் கூட சொல்லுவான். பி-3 உதவியாளர். பி-3ன்னா கொள்முதல், டெண்டர். விளக்குமாறுலேர்ந்து குப்பை லாரி வரைக்கும் ஊருக்கு எது வாங்கினாலும் என் டேபிளத் தாண்டித்தான் போகணும். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினவன் இல்ல. இந்த வருஷம் ரெண்டு வாங்கிட்டேன். ரெண்டும் அநியாயம். முதலாவது கம்ப்யூட்டர் பொண்ணு ஜெசிந்தா பண்ணின தப்பு. ரெண்டாவது என் வீட்டம்மா பண்ணின தப்பு. நடுவுல மாட்டினவன் நான்.

ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன், அப்பத்தான் நியாயம் யார் பக்கம்னு உங்களுக்குத் தெரியும்.

போன ஆவணியில தெருவிளக்குக்கு அரசாங்கத்துலேர்ந்து நிதி வந்துது. இருநூத்திப் பன்னெண்டு தெரு. எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போட முடியாது, எந்தத் தெருவுக்கு முதல்ல? கூட்டத்துல இருபத்தேழு கவுன்சிலரும் எழுந்து நின்னு, என் வார்டு, என் வார்டுன்னு ஒரே கத்தல். தலைவர் காதைப் பொத்திக்கிட்டு, 'எத்திராஜு, யாருக்கும் மனஸ்தாபம் வராத மாதிரி ஒரு வழி சொல்லுய்யா'ன்னாரு. நான் அங்கயே எழுந்து சொன்னேன்: 'ஐயா, அகரவரிசைப்படி போட்டுடலாம்.' கை தட்டினாங்க சார். எங்க மன்றத்துல ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டும் ஒண்ணாக் கை தட்டினது அன்னிக்குத்தான்.

வீட்டுக்குப் போய் கஸ்தூரிகிட்ட சொன்னேன். அவ தோசை வார்த்துக்கிட்டிருந்தா. 'நம்ம சந்து பேரு என்னங்க?'ன்னு கேட்டா. வேட்டைக்காரன் சந்து. 'அப்ப நமக்கு எப்ப?' இருநூத்திப் பன்னெண்டாவதுன்னேன். தோசைய அப்படியே கல்லுலயே விட்டுட்டு உள்ள போயிட்டா.

அவ கஷ்டமும் எனக்குத் தெரியாம இல்ல. கடைத்தெரு மருந்துக்கடையில வேலை அவளுக்கு. ராத்திரி ஏழரை மணிக்கு அந்தச் சந்து வழியாத்தான் வரணும். ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் மூடி இல்லாத சாக்கடை, நடுவுல ரெண்டடிப் பாதை. ஆறு வருஷமா ஒரு லைட்டு, ஒரே ஒரு லைட்டுன்னு கேக்கறா. ஆனா நான் யாரு? பி-3. என் சந்துக்கு நானே முதல்ல போட்டுக்கிட்டா ஊரு என்ன பேசும்? அந்தக் கெட்ட பேரு எனக்கு வேணாம்னு இருந்தேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க.

கடைசி எடத்துக்குப் போயும் சும்மா இருந்தது நாங்க மட்டும்தான் சார். மத்தவங்க சும்மா இருக்கல. அடுத்த மாசமே தெருப் பேரை மாத்தணும்னு மனு மேல மனு. எருமைக்கார வீதி அன்பு தெரு ஆயிடுச்சு. சுண்ணாம்புக் காளவாய்த் தெருவும் அன்பு தெரு. பொங்கலுக்குள்ள எங்க ஊருல இருபத்துமூணு அன்பு தெரு. தபால்காரர் வேலூருக்கு மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுட்டாரு. ஏழாவது வார்டு கவுன்சிலர் கெட்டிக்காரரு, 'அகிலம் தெரு'ன்னு வச்சாரு, 'ன'வுக்கு முன்னால 'க' வருமில்ல. அதைப் பாத்து பதினொண்ணாவது வார்டு அம்மா வெறும் 'அ தெரு'ன்னு வச்சுட்டாங்க. அதுக்கு மேல என்ன பண்ண முடியும்? ஒருத்தர் 'ஃ தெரு'ன்னு எழுதிக் கொண்டாந்தாரு. ஆய்த எழுத்து எங்க வரும்னு நகராட்சிப் பள்ளித் தமிழாசிரியருக்குக் கடிதம் எழுதி விளக்கம் வாங்கினேன். உயிரெழுத்துக்கு அப்புறம்னு அவர் எழுதிட்டாரு. கவுன்சிலர் இன்னிக்கும் அந்த வாத்தியார் வீட்டுக் கல்யாணம் காட்சிக்குப் போறது இல்ல.

கஸ்தூரியும் கேட்டா. 'நம்மளும் ஒரு மனு குடுத்தா என்னங்க? அ-வுல ஆரம்பிக்கிற மாதிரி ஏதாவது?' ஊழியர் குடும்பம் மனு குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். விதி இருக்கான்னா. இருக்கும்னேன்.

சரி, டெண்டருக்கு வரேன். அறிவிப்பு நான் சொல்லச் சொல்ல ஜெசிந்தா அடிச்சா. நல்ல பொண்ணுதான், ஆனா தொணதொணன்னு கேள்வி கேக்கும். 'இருள் நீக்கும் பொருட்டு, மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை, போதிய ஒலி வழங்கும் கருவிகள் அமைத்து, ஐந்தாண்டு பராமரித்தல்.' அப்படியே சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகல. அந்தப் பொண்ணு நிறுத்திட்டு கேக்குது, 'சார், பல்லுக்கு வர்ற லி-யா, பள்ளத்துக்கு வர்ற ளி-யா?'

நல்ல நாள் பாத்து, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிச்ச ஃபைல் சார். வெள்ளிக்கிழமை வேற. அதுல போய் பள்ளம் கிள்ளம்னு வாயில வரலாமா? 'அபசகுனமாப் பேசாத, பல்லையே போடு'ன்னேன். போட்டுட்டா. ஒலி. சத்தம் ஒலி.

நீங்களே சொல்லுங்க, கேக்கறது அவ வேலை. ஆனா சரியாக் கேக்க வேணாமா? விளக்குக்கு வர்றதா, மேளத்துக்கு வர்றதான்னு கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனா? என்ன சார் சிரிக்கறீங்க? இல்ல, நான் ரெண்டையும் வேற வேறயாத்தான் சொல்றேன். ஒலி. ஒளி. பாருங்க, கேக்குதில்ல? ஆபீஸ்லயும் ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குதுங்கறாங்க. அவங்க காதுக்கு நான் என்ன பண்றது?

பேப்பர்ல வந்தாச்சு. விளக்கு கம்பெனிக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. வந்தது பன்னீர். எங்க ஊரு பன்னீர் சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எல்லாத்துக்கும் மைக் செட் அவன்தான். கையில பேப்பரோட வந்து நின்னான். 'சார், இருட்டு போற அளவுக்குன்னா எவ்வளவு சத்தம் சார் வைக்கணும்? நான் முப்பது வருஷமா தொழில் பண்றேன், சத்தம் வச்சு இருட்டு போனதை நான் பாத்ததில்ல.' டெண்டர்ல உள்ளபடி செய்யுன்னேன். சந்தேகம் கேட்டா எழுத்துல குடுன்னேன். பாவம், அவன் பயந்து போய் டெண்டர் போட்டுட்டான். ஒத்த டெண்டர் செல்லாதுங்கறதால மச்சான் பேருல ஒண்ணு, சம்சாரம் பேருல ஒண்ணு. குறைஞ்ச விலைப்புள்ளி பன்னீருது. முறைப்படி எல்லாம் சரியா இருந்துது சார். முறையில ஒரு ஓட்டை கிடையாது.

ஆணையர் அப்புறம்தான் பாத்தாரு. புதுசா வந்தவரு, சின்ன வயசு. 'என்ன எத்திராஜ் இது, லைட்டுக்குப் பதிலா லவுட் ஸ்பீக்கர் வாங்கியிருக்கீங்க'ன்னு குதிச்சாரு. முதல் மெமோ அன்னிக்கு வந்துது. அடிச்சது ஜெசிந்தா, மெமோ எனக்கு! ஆனா டெண்டரை ரத்து பண்ணலாமா? பண்ண முடியாது. மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள வேலை முடியலேன்னா நிதி திரும்பிப் போயிடும். தலைவர் மறுபடியும் என்னத்தான் பாத்தாரு. நான்தான் தீர்மானம் எழுதினேன். மனப்பாடமா சொல்றேன் கேளுங்க: 'பூவனேரி நகராட்சி எல்லைக்குள் ஒலி என்னும் சொல், ஒளி என்னும் சொல்லையும் உள்ளடக்கியதாகக் கருதப்படும்.' ஏகமனதா நிறைவேறிச்சு. ஆணையர் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதல, என் பேனாவத்தான் குடுத்தேன்.

மார்ச் இருபத்தெட்டுக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு கம்பத்துலயும் குழாய் ஸ்பீக்கர். பன்னீர் நேர்மையா வேலை செஞ்சான், குறை சொல்ல மாட்டேன்.

என்ன போடறதுன்னு அடுத்த பிரச்சினை. பக்திப் பாட்டு போட்டா எந்த சாமி? சினிமாப் பாட்டுன்னா யார் படம்? கட்சிப் பாட்டு பத்திப் பேச்சே எடுக்கல, எடுத்தா நாற்காலி பறக்கும். கடைசியில யாருக்கும் ஆட்சேபணை இல்லாத ஒரே விஷயம் பள்ளம்தான். பள்ளம் எல்லா வார்டுலயும் சமமா இருக்கு. அதனால இருட்டுல நடக்கறவங்களுக்கு வழி சொல்றதுன்னு முடிவாச்சு. 'இது அன்பு தெரு. பத்தடி முன்னால் பள்ளம். வலப்பக்கம் ஒதுங்கவும்.' இப்படி. ஒரு தெருவுக்கு ஒரு பதிவு. குரல் யாரு குடுக்கறது? வெளி ஆளுன்னா அதுக்குத் தனி டெண்டர் போடணும். நானே குடுத்துட்டேன்.

இப்பவும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூவனேரியில நின்னு பாருங்க, நாலு பக்கமும் என் குரல்தான். சின்னப் பசங்க 'பல்லம், பல்லம்'னு கத்திக்கிட்டு ஓடுவாங்க. ஏன்னு தெரியல, ஏதோ சந்தோஷம் அவங்களுக்கு. பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு சட்டம் இருக்கறதால பத்து மணியோட நிறுத்திடுவோம். அதுக்கு மேல நல்லவங்க யாரும் வெளிய வரமாட்டாங்கன்னு ஃபைல்ல குறிப்பு இருக்கு.

ஒரே ஒரு சிக்கல் வந்துது. நாலாவது அன்பு தெருவுல ரிட்டையர்டு டிரைவர் ஒருத்தரு, தன் வீட்டு முன்னால இருந்த பள்ளத்துல செங்கல் ஜல்லி கொட்டி மூடிட்டாரு. நகராட்சி தினமும் முன்னால் பள்ளம்னு சொல்லுது, அங்க பள்ளம் இல்ல. அப்ப நகராட்சி பொய் சொல்லுதுன்னு ஆகாதா? ரெண்டு ஆளை அனுப்பி மறுபடி தோண்ட வச்சேன். அளவு கூட பழைய அளவுதான், கூடக் குறைய இல்ல. அந்தப் பெரியவர் என்னைப் பாத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டாரு. மரியாதை தெரிஞ்சவரு.

இப்ப கஸ்தூரி விஷயத்துக்கு வரேன்.

எங்க சந்துக்கும் ஸ்பீக்கர் வந்துடுச்சு. அவளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். அண்ணாந்து பாத்தா. பாத்துட்டு, 'நான் வெளிச்சம் கேட்டேங்க'ன்னா. தீர்மானத்தை எடுத்துச் சொன்னேன். மறுநாள் அவளே ஒரு பல்பு வாங்கி, எங்க வாசல் நிலைக்கு மேல மாட்டிட்டா. எங்க வீட்டுக் கரண்டு. சந்து பாதி வரைக்கும் பளிச்சுன்னு இருந்துது. எதிர் வீட்டுல பொண்ணுங்க வெளிய வந்து உக்காந்து பல்லாங்குழி ஆடினாங்க. ஊதுவத்தி கம்பெனியிலேர்ந்து வர்ற பொம்பளைங்க எங்க சந்து வழியா சுத்திக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க.

ஆனா பாருங்க சார், தணிக்கைக்காரங்க வர்ற மாசம். ஒலியால இருள் நீங்கிவிட்டதுன்னு இருநூத்திப் பன்னெண்டு தெருவுக்கும் சான்று குடுத்தவன் நான். என் வீட்டு வாசல்லயே பல்பு எரிஞ்சா, ஏன்யா, இருட்டு நீங்கிடுச்சுன்னா உனக்கு எதுக்குய்யா பல்புன்னு கேக்க மாட்டானா? கேப்பான். நான் அவ இடத்துல இருந்து யோசிக்கலையான்னு நீங்க கேக்கலாம். யோசிச்சேன். யோசிச்சுத்தான் ஒரு செவ்வாக்கிழமை அவ கடைக்குப் போனப்புறம் ஸ்டூல் போட்டுக் கழட்டினேன். உடைக்கல. துணியில சுத்தி பீரோவுல பத்திரமா வச்சேன்.

அவ விழுந்தது புதன்கிழமை. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு மெமோவுக்குக் குடுத்த விளக்கத்துல எழுதியிருக்கேன்.

பதிவுல கூட தப்பு இல்ல சார். 'இது வேட்டைக்காரன் சந்து. சாக்கடை மூடி இல்லை. இடப்பக்கம் ஒதுங்கவும்.' நான் ஆபீஸ் பக்கத்துலேர்ந்து சந்துக்குள்ள நுழையறவன். அப்படி வந்தா இடது பக்கம் சுவரு. சரிதானே? அவ கடைத்தெரு பக்கத்துலேர்ந்து வர்றவ. அப்படி வந்தா இடது பக்கம் சாக்கடை. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஜனங்க வருவாங்கன்னு எனக்கு யாரும் எழுத்துல சொல்லல.

ஆஸ்பத்திரியில நானே கேட்டேன். 'ஏண்டி, இருபத்தொம்பது வருஷமா நடக்கற சந்து. சாக்கடை எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதா?' வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா. 'தெரியும்'னா. 'அப்புறம் ஏன் ஒதுங்கின?' அதுக்கு அவ சொன்னா: 'இருட்டுல உங்க குரல் திடீர்னு ஒதுங்குன்னு அதட்டிச்சு. பழக்கம். ஒதுங்கிட்டேன்.'

நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. எனக்கு அப்ப ஒண்ணும் தோணல சார். டிஸ்சார்ஜ் எப்பன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தப்புறமும் அவ சும்மா விடல. படுக்கையிலேர்ந்தே நகராட்சிக்கு மனு எழுதினா. மனுதாரர், கஸ்தூரி, கணவர் பெயர் எத்திராஜ். யார் மேல புகார்? எத்திராஜ் மேல. அது வந்து விழுந்ததும் பி-3 டேபிள்ல, என் டேபிள்ல. அதுக்காக ஒளிச்சு வைக்க முடியுமா? எண் போட்டேன், பதிவேட்டுல ஏத்தினேன், 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் டைப் பண்ணி, என் வீட்டு விலாசத்துக்கே தபால்ல அனுப்பினேன். நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே அவ தலைமாட்டுல வச்சேன். பாரபட்சம் இல்லாம நடந்துக்கிட்டேன்னு அவளே ஒத்துக்கணும். படிச்சுட்டு மடிச்சு வச்சா. அன்னிக்கு சாயங்காலம் அவ அக்கா ஆட்டோவோட வந்துட்டாங்க.

ரெண்டாவது மெமோ அதுக்குத்தான். அது போகட்டும்.

வீட்டுல இப்ப நான் மட்டும்தான். சாயங்காலம் ஆறு மணி ஆனா ஜன்னல் வழியா என் குரல் வந்துடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இடப்பக்கம் ஒதுங்கவும், இடப்பக்கம் ஒதுங்கவும். சாப்பிட உக்காந்தா ஒதுங்கவும். நானே எழுந்து ஜன்னலைச் சாத்திடறேன் சார். சாத்தினாலும் கேக்குது. அவ எப்படிக் கேட்டுக்கிட்டிருந்தாளோ.

போன வாரம் போன் பண்ணினேன். தீர்மானத்தோட நகல் வாங்கிட்டு வரட்டுமா, ஆணையர் கையெழுத்தோட, படிச்சா உனக்கே புரியும்னேன். அவ கோவப்படல. கோவப்பட்டிருந்தா தேவலாம். 'உங்க சத்தத்தை நான் நெறய கேட்டுட்டேங்க. எனக்கு நடக்கறப்ப கால் வைக்கற இடம் தெரியணும்'னு சொல்லிட்டு வச்சுட்டா. நகல் இதோ சட்டைப் பையில இருக்கு. காட்டலாமா வேணாமான்னு யோசிக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?

ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. சரி.

அட, வந்தாச்சே. பேச்சு வாக்குல நேரம் போனதே தெரியல. நல்லா இருட்டிடுச்சு. கண்டக்டர், மேல்நெடுங்கூர் இறக்கம் இருக்கு!

பாருங்க சார், இது வெறும் பஞ்சாயத்து. நம்மள விடச் சின்ன ஊரு. கம்பத்துக்குக் கம்பம் லைட்டு. என்ன முறையில வாங்கினாங்களோ, ஃபைல் எந்த லட்சணத்துல இருக்கோ.

அதோ, அந்த ரெண்டாவது கம்பத்துக்குக் கீழ கட்டையை ஊணிக்கிட்டு நிக்கறது யாரு? அவதான். அவதான் சார். வர்றேன்னு அவ அக்காகிட்ட சொல்லியிருந்தேன், பஸ் நேரம் பாத்து வந்து நிக்கறா. இவ்வளவு தூரத்துலேர்ந்து மூஞ்சி தெரியுது பாருங்க. இளைச்சுட்டா. காதோரமெல்லாம் நரைச்சிருக்கே, இது எப்ப ஆச்சு? அழுதிருக்கா சார். கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. இப்ப அழுததா, தினமும் அழறதா, அது தெரியல. எங்க சந்துல தினமும் இவ வந்து கதவைத் தட்டுவா, நான் திறப்பேன், உள்ள போயிடுவா. அந்த இருட்டுல வர்ற மூஞ்சி எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல.

பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. இல்ல, நகல் கிகல் ஒண்ணும் காட்டப் போறதில்ல. இறங்கி, கிட்டப் போய் நிக்கறேன். நான் வாயைத் திறக்கப் போறதில்ல. அவ பேசட்டும்.